சனிக்கிழமைச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும்: வேலையிடத்தில் விசுவாசத்தை வாழ்ந்து காட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் 22 மெஷின் போட்ட ஒரு சின்ன பவர் டேபிள் (பனியன் தையல்) யூனிட்டை 17 வருடமாக நடத்திவருகிறேன். டெய்லர்கள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து நாற்பது பேருக்கு மேல். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம், பாடகர் குழு என்று ஆலய வளாகத்திலேயே வளர்ந்தவன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனியிலிருந்து பணம் வரவில்லை. கையில் இருந்ததை வைத்து டெய்லர்களுக்குச் சம்பளம் போட்டேன். செக்கிங் பெண்கள் ஆறு பேரிடம் மட்டும் “திங்கட்கிழமை வாங்கிக்கங்க” என்றேன். மறுநாள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த பொருட்களின் ஏலம் நடந்தது. ஒரு வாழைத்தாரைப் போட்டி போட்டு 4,500 ரூபாய்க்கு எடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஆறு பேரில் ஒரு அக்கா எங்கள் சபைதான். திங்கட்கிழமை சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு அமைதியாகக் கேட்டார்: “ஏனுங்கண்ணா, அந்தத் தார் கடைசியா எத்தனைக்குங்க போச்சு?”

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர் என் காணிக்கைக் கவரைப் பார்க்க வேண்டியதில்லை, சம்பளக் கவரைப் பார்த்தால் போதும் என்று அன்றுதான் புரிந்தது. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றையும், மாற்றிக்கொண்டவற்றையும், இன்னும் முழுதாக முடிக்காதவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். யூனிட் நடத்துகிறவர், லைன் சூப்பர்வைசர், வார்டு பொறுப்பு நர்ஸ், தலைமையாசிரியர், கடை முதலாளி என்று நான்கு பேரை வைத்து வேலை வாங்கும் எவருக்கும் இது பொருந்தும். மற்றவர்களின் கீழ் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு பகுதி உண்டு.

தொடங்கும் முன் ஒரு வார்த்தையைச் சரிசெய்வோம்

நம் சபைகளில் ‘ஊழியம்’ என்றால் பிரசங்கம், ஜெபக்கூட்டம், மிஷன் பயணம். மீதி எல்லாம் ‘உலக வேலை’. இந்தப் பிரிவினை நமக்குள் இருக்கும்வரை அடுத்து வரும் எந்தப் படியும் ஒட்டாது. ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில், பாவம் உள்ளே வருவதற்கு முன்பே, மனிதனுக்குத் தோட்டத்தைப் பண்படுத்தும் வேலை கொடுக்கப்படுகிறது. யாத்திராகமம் 31இல் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்வது பெசலெயேல் என்ற கைவினைஞரைப் பற்றி. 35ஆம் அதிகாரம் நெசவையும் சித்திரத் தையலையும் அந்தத் திறமைகளின் பட்டியலில் சேர்க்கிறது. பனியன் ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும். கழுத்துப் பட்டியைக் கோணாமல் வைத்துத் தைக்கும் ஒரு டெய்லரின் கை ஆவியானவர் மதிக்கிற கை. அந்தக் கையை நான் எப்படி நடத்துகிறேன் என்பது ஆராதனையைச் சேர்ந்த விஷயம்.

படி 1: யாருக்கும் சொல்லாமல் ஒரு வாரம் சுற்றிப் பாருங்கள்

நெகேமியா மதிலைத் திரும்பக் கட்ட எருசலேமுக்கு வந்ததும் கூட்டம் போடவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தார். பிறகு சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு இரவில் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். என்ன செய்யப்போகிறேன் என்று அதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. பலர் இதைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். ஒரு நல்ல பிரசங்கம் கேட்ட சூட்டில் திங்கட்கிழமை காலை எல்லோரையும் நிற்க வைத்து “இனிமேல் நம்ம யூனிட் தேவனுக்குப் பிரியமா நடக்கும்” என்று அறிவித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் வாயிலிருந்து வந்த பழைய வாக்குறுதிகள் எல்லாம் அங்கே நிற்பவர்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம், தினமும் இரவில் நான்கே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இன்று யாருக்குப் பணம் தர வேண்டியிருந்தும் தரவில்லை? யாரிடம் உண்மையில்லாத ஒன்றைச் சொன்னேன், போனில் சொன்னதையும் சேர்த்து? யாரை மற்றவர்கள் முன்னால் திட்டினேன்? என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தியவர் யார்? எனக்குக் கடைசிக் கேள்விதான் மிகவும் உதவியது. பேச்சு நிற்கும் இடத்தில்தான் மதில் இடிந்திருக்கிறது.

படி 2: கூலி

மாற்ற வேண்டியவற்றில் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வேலையிடத்தைப் பற்றி வேதம் பேசும்போது, மிகவும் சூடாகப் பேசுவது இதைப் பற்றித்தான். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19. பொழுது சாயும் முன் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்கிறது உபாகமம் 24. பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார், 5ஆம் அதிகாரத்தில். அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய காதில் விழுகிறதாம். அந்த வாழைத்தார் வாரத்தில் நானும் ஆறு பேரின் கூலியைக் கூக்குரலிட விட்டிருந்தேன்.

நடைமுறையில் நான் செய்தவை இவை. முதலாவது, சம்பளத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு. பில் பணம் எப்போது வந்தாலும், அந்த வாரச் சம்பளத்துக்கான தொகை முதலில் அங்கே போகும். நூலுக்கு, வாடகைக்கு, வட்டிக்கு எல்லாம் மீதியிலிருந்துதான். தொடக்கத்தில் இது முடியாத காரியம் போலத் தெரிந்தது. ஒரு வாரச் சம்பளத்தை முன்கூட்டியே சேர்த்துவைக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. சேர்ந்த பிறகு சனிக்கிழமை மதியம் வரும் நெஞ்சுப் படபடப்பே போய்விட்டது.

இரண்டாவது, வரிசை. பணம் குறைவாக இருந்தால் முதலில் கொடுக்க வேண்டியது கடைசி நிலையில் இருப்பவர்களுக்கு. கைமடி (டெய்லரின் உதவியாள்), செக்கிங், துப்புரவு, அப்புறம் டெய்லர், அப்புறம் மாஸ்டர், கடைசியில் நான். நான் செய்துவந்தது இதற்கு நேர் எதிர். டெய்லர் கோபித்துக்கொண்டு வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார், செக்கிங் அக்காக்கள் போகமாட்டார்கள் என்ற கணக்குதான் காரணம். நெகேமியா 12 வருடம் அதிபதியாக இருந்தும், அந்தப் பதவிக்குரிய படியை வாங்கிச் சாப்பிடவில்லை. ஜனங்கள் மேல் பாரம் அதிகமாக இருந்தது என்பதுதான் அவர் சொன்ன காரணம். தலைவருடைய பங்கு கடைசியில் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது, தாமதமாகும் என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எல்லோரையும் நிறுத்தி நேராகச் சொல்லிவிடுவது. எவ்வளவு பணம் வந்திருக்கிறது, எவ்வளவு குறைகிறது, எந்த நாள் வரும் என்று தொகையோடு சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தெரிந்தால் ஒரு அம்மா குழுக் கடன்காரரிடம் தவணை கேட்டுக்கொள்ள முடியும். சனிக்கிழமை ஆறு மணிக்குத் தெரிந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

நான்காவது, சட்டம். அதைத் தொடாமல் பக்தியைப் பேசிப் பயனில்லை. பி.எஃப்.புக்குத் தொழிலாளியிடம் 12 சதவீதம் பிடிக்கிறோம், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம். பிடித்த பணத்தைக் கட்டாமல் ‘அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கலாம்’ என்று சுழற்றிக்கொள்வது திருட்டு. இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. ஓவர்டைம் கணக்கும் அப்படித்தான். 8 மணி நேர ஷிப்டுக்கு மேல் 4 மணி நேரம் நின்றால் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று ஒன்றரைக் கூலி கொடுத்துவந்தேன். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது சட்டம். அந்த 4 மணி நேரத்துக்கு அரை ஷிப்ட் கூலி இல்லை, ஒரு முழு ஷிப்ட் கூலி. ஆக மொத்தம் இரண்டு ஷிப்ட். இதை ஒழுங்காகக் கணக்குப் போட்டதும் முதலில் நடந்த மாற்றம், தேவையில்லாத ஓவர்டைமே குறைந்தது. இரட்டிப்புக் கொடுக்க வேண்டும் என்றதும் கட்டிங்கைக் காலையிலேயே திட்டமிடப் பழகிவிட்டேன்.

ஐந்தாவது, பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி. புது ஸ்டைல் (டிசைன்) லைனில் ஏறும் முன் ரேட்டைப் பேசி, சுவரில் எழுதி ஒட்டிவிட வேண்டும். 2,000 பீஸ் தைத்து முடித்த பிறகு ரேட் பேசுவது அடிப்படையில் ஏமாற்று வேலை. அதில் பேரம் பேசும் பலம் முழுவதும் நம் பக்கம் இருக்கிறது.

நமக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் சின்ன யூனிட்டுகளும் இதில் அடக்கம். எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். எனக்கு வர வேண்டிய பணம் வராதபோது நான் எவ்வளவு புலம்புகிறேனோ, அதே அளவு எம்பிராய்டரி போட்டுத் தந்தவர் என்னைப் பற்றி அவர் வீட்டில் புலம்பிக்கொண்டிருப்பார்.

படி 3: ஒரே நிறைகல், ஒரே நோட்டு

‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’ என்ற நீதிமொழியைச் சிறுவயதில் மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் நாம். மளிகைக் கடைக்காரருக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தேன். உபாகமம் 25ஐ ஒருநாள் மெதுவாக வாசித்தபோது பிடிபட்டது. உன் பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு விதமான நிறைகற்கள் இருக்கக் கூடாது, உன் வீட்டில் இரண்டு விதமான படிகள் இருக்கக் கூடாது என்கிறது அது. என் மேஜை டிராயரில் இரண்டு வருகைப்பதிவு நோட்டுகள் இருந்தன. ஒன்று ஆடிட்டில் (கணக்குச் சோதனையில்) காட்ட, ஒன்று உண்மைக்கு.

தொழிலில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வருவது சுலபம் என்றும் நான் சொல்லமாட்டேன். நான் வந்த வழி இது. முதலில் புதிதாக எந்தப் பொய்யும் எழுதுவதில்லை என்று ஒரு தேதியை வைத்துக்கொண்டேன். அந்தத் தேதியிலிருந்து ஒரே நோட்டு. அப்புறம் எங்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனியின் மேனேஜரிடம் தனியாகப் போய் உட்கார்ந்து, “எங்க யூனிட்ல உண்மையில இவ்வளவு நேரம்தான் ஓட்ட முடியும், இதுக்குத் தகுந்த ஆர்டர் குடுங்க” என்று கேட்டேன். ஒரு இடத்தில் ஆர்டர் குறைந்தது. இன்னொரு இடம் என்னை நம்பிப் பெரிய ஸ்டைலைத் தந்தது. முதலில் சொன்னது நடக்காமல் இரண்டாவது மட்டும் நடந்திருந்தால் இதைச் சாட்சியாகச் சபையில் சொல்லியிருப்பேன். இரண்டும் நடந்தது என்பதுதான் உண்மை.

மற்ற பொய்கள் சின்னவை, ஆனால் தினமும் வருபவை. டேமேஜ் பீஸைப் பெட்டியின் அடியில் வைப்பது. துணி எடை குறைந்தால் ஜிஎஸ்எம் (துணியின் கன அளவு) மேல் பழி போடுவது. “வண்டி கிளம்பிருச்சுங்க” என்று வண்டி வருவதற்கு முன்பே சொல்வது. ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்று இயேசு சொன்னதை டெலிவரி தேதிக்குப் பொருத்திப் பாருங்கள். ஷிப்மென்ட் தாமதமாகும் என்றால் நான் இப்போது இப்படித்தான் செய்தி அனுப்புகிறேன்: ‘5,000 பீஸில் 3,800 முடிந்தது. மீதி 1,200 வியாழன் மாலை தயார். இரண்டு ஆள் ஊருக்குப் போய்விட்டதால் தாமதம். முடிந்ததை இன்றே அனுப்பட்டுமா?’ திட்டு விழும். ஆனால் அடுத்த முறை நான் “வியாழன்” என்றால் அவர்கள் லாரியை வியாழனுக்குப் பிடித்துவைக்கிறார்கள்.

வாக்கின் மதிப்புக்குத் தஞ்சாவூரில் பெரிய உதாரணம் உண்டு. ஷ்வார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனெரி, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து 1798இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை இந்த மண்ணில் வாழ்ந்தவர். ஐதர் அலியுடனான போரின்போது தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது. ஆனால் கோட்டைக்குள் கொண்டுவர மாடு தர யாரும் தயாராக இல்லை, ஏனென்றால் முன்பு மாடு கொடுத்தவர்களுக்கு அரசுத் தரப்பில் பணம் வரவில்லை. கடைசியில் ஷ்வார்ட்ஸ் ‘பணத்துக்கு நான் பொறுப்பு’ என்று எழுதியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. நெல் வந்தது, கூலியும் சொன்னபடி கொடுக்கப்பட்டது. அரசனுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இல்லாத நாணயம் ஒரு ஐயரின் சொல்லுக்கு இருந்தது. கடன் வைத்திருக்கும் நூல் கடையில் என் சொல்லுக்கு இன்று என்ன விலை என்று நான் அடிக்கடி கேட்டுக்கொள்கிறேன்.

படி 4: நாக்கும், யாரோடு உட்காருகிறோம் என்பதும்

எபேசியர் 6, எஜமான்களுக்கு நேராகவே ஒரு கட்டளை தருகிறது: பயமுறுத்துவதை விட்டுவிடுங்கள். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்ற சாக்கை நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தப்பு கண்ணில் பட்டால் லைனின் இந்தக் கோடியிலிருந்து குரல் கொடுப்பதில்லை. நடந்துபோய், பக்கத்தில் குந்தி, பீஸைக் கையில் எடுத்துப் பேசுவேன். அந்த இருபதடி நடப்பதற்குள் கோபத்தில் பாதி இறங்கிவிடும். பெரிய தப்பு என்றால் மத்தேயு 18 சொல்கிறபடி தனியாக, அவரும் நானும் மட்டும். பெண் தொழிலாளி என்றால் கதவு திறந்திருக்கும், மூத்த அக்கா ஒருவர் பார்வை படும் தூரத்தில் இருப்பார்.

இதைவிட ஆழமான இடம் ஒன்று இருக்கிறது. நாம் எல்லாம் கொடுத்தும் ஒன்றைக் கொடுக்காமல் இருக்கிறோம். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா எழுந்து நின்று மிஷனெரிகளிடம் சொன்னது இதைத்தான். உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இரண்டு வருடம் கழித்து அவர் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அன்று வெள்ளைக்காரர்களிடம் கேட்ட கேள்வி இன்று என்னைப் போன்ற முதலாளிகள் பக்கம் திரும்பியிருக்கிறது. போனஸ் கொடுக்கிறேன், தீபாவளிக்குத் துணி கொடுக்கிறேன், ஆனால் என் தொழிலாளி வீட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருக்கிறேனா?

சாதியைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்களான நம்மிடம் அது போய்விடவில்லை. யாரைச் சூப்பர்வைசர் ஆக்குகிறோம், யாரைக் கழிவறை கழுவச் சொல்கிறோம், யாருடைய தூக்குப் போசியிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறோம் என்பதில் அது ஒளிந்திருக்கிறது. பொன்மோதிரம் போட்டவனுக்கு ஒரு இடம், அழுக்கு உடை உடுத்தியவனுக்கு ஓர் இடம் என்று பிரித்தவர்களை யாக்கோபு எச்சரிக்கிறார். ஒரு தேநீர் கேன், ஒரே மாதிரி டம்ளர், எல்லோருக்கும் ஒரே வரிசை, அதில் முதலாளியும் உண்டு. இதிலிருந்து தொடங்குங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்களை ‘இந்திக்காரன்’ என்று மொத்தமாகக் கூப்பிடாமல் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். அந்நியனை உன்னைப்போல் நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே என்பதும் அதே லேவியராகமம் 19தான். நாமும் பிழைக்க ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்தானே.

படி 5: எல்லாவற்றையும் நீங்களே செய்யாதீர்கள்

காலை முதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ சொன்னது: “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல.” நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள். அவர் தந்த யோசனை பலருக்குத் தெரியும்; ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்குத் தலைவர்கள். அந்தத் தலைவர்களுக்கு அவர் வைத்த தகுதிகளை யாரும் கவனிப்பதில்லை. தேவனுக்குப் பயந்தவர், உண்மையுள்ளவர், பொருளாசையை வெறுப்பவர். நூல், பட்டன், ஜிப் வாங்கப்போகும் ஆளை நியமிக்கும்போது மூன்றாவது தகுதியின் அருமை தெரியும்.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார். இளம்பெண்ணாகத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிமாருக்குப் பெண் மருத்துவர் தேடி வந்து, ஒருவரும் இல்லாமல் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனதுதான் அவரை இந்த வேலைக்குத் திருப்பியது. ஒருத்தியாக எத்தனை வீடு போக முடியும்? 1909இல் நர்ஸ் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. தனக்குத் தெரிந்ததை அடுத்தவர் கைக்கு மாற்றியதால்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இன்றும் நிற்கிறது. ‘ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய’ என்ற மாற்கு 10இன் வாசகமே அதன் குறிக்கோள். என் அளவில், செக்கிங் பிரிவின் தீர்ப்பை அந்த அக்காவிடமே விட்டுவிட்டேன். அவர் ‘பாஸ் இல்லை’ என்றால் நான் மேலே போய் ‘பரவால்ல, போட்டு விடுங்க’ என்று சொல்வதில்லை. இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம், முக்கியமாக இரவு பத்து மணிக்கு.

படி 6: பல மதத்தவர் நடுவில் ஜெபம்

என் யூனிட்டில் பெரும்பாலோர் இந்துக்கள், சிலர் முஸ்லிம்கள். யாரையும் ஜெபத்துக்கு நிற்க வைப்பதில்லை. சம்பளம் கொடுப்பவன் “வாங்க ஜெபிக்கலாம்” என்றால் அதில் விருப்பத்துக்கு இடமில்லை. சபைக்கு வருகிறவருக்குச் சம்பள உயர்வு, வராதவருக்கு இல்லை என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினாலும் போதும், நற்செய்தி கெட்ட செய்தியாகிவிடும். ஆளெடுக்கும்போதும் தையல் தெரியுமா என்று பாருங்கள், எந்தச் சபை என்று கேட்காதீர்கள்.

நான் ஷட்டரைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம், வருகைப்பதிவில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கிறேன். நடுவில் பிரச்சினை வந்தால் நெகேமியாவின் குறுக்கு வழி: ராஜா கேள்வி கேட்டதற்கும் அவர் பதில் சொன்னதற்கும் நடுவில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஒரு ஜெபம். கண்ணை மூடக்கூட நேரமிருந்திருக்காது. ரூத்தின் கதையில் வரும் நிலச் சொந்தக்காரர் போவாஸ் வயலுக்கு வந்ததும் அறுக்கிறவர்களிடம் ‘கர்த்தர் உங்களோடே இருப்பாராக’ என்றார், அவர்களும் திரும்ப வாழ்த்தினார்கள். எங்கள் யூனிட்டில் அது “சாப்பிட்டாச்சா?” என்ற வடிவத்தில் நடக்கிறது. பதிலைக் கேட்க நின்றால் அதுவும் ஆசீர்வாதம்தான்.

ஆயுதபூஜை பற்றி வாலிபர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுச் சுத்தப்படுத்தும் வேலையில் முழு மனதோடு சேருங்கள். தொழிலாளிகள் தங்கள் முறைப்படி வழிபடுவதைத் தடுக்கவோ முகம் சுளிக்கவோ வேண்டாம். பொரியும் இனிப்பும் வாங்கித் தாருங்கள், விடுமுறை விடுங்கள். பூஜையில் நீங்கள் பங்கெடுக்க மனசாட்சி இடம் தராவிட்டால், அதை அன்போடு முன்கூட்டியே சொல்லிவிட்டு மரியாதையாக ஓரமாக நில்லுங்கள். பிரசாதம் பற்றி கொரிந்து சபையிலேயே ஒத்த கருத்து இல்லை. பவுல் 1 கொரிந்தியர் 8இலும் 10இலும் அடுத்தவருடைய மனசாட்சியையும் யோசிக்கச் சொல்கிறார். இதில் வேறு மாதிரி நடக்கும் சக கிறிஸ்தவரை நியாயந்தீர்க்காதீர்கள்.

படி 7: ஓய்வு

சுருக்கமாகச் சொல்கிறேன். ஓய்வுநாள் கட்டளையில் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இருக்கிறார்கள். உன்னைப்போல அவர்களும் இளைப்பாற வேண்டும் என்று உபாகமம் 5 காரணமும் சொல்கிறது. நான் ஆராதனைக்குப் போய்விட்டு, யூனிட்டை மேஸ்திரியை வைத்து ஓட்டினால் கட்டளையைப் பாதிதான் கைக்கொண்டேன். ஞாயிறு மூடினால் எல்லோருக்கும் மூட வேண்டும்.

படி 8: நீங்கள் முதலாளி இல்லையென்றால்

பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், என்ன செய்வது? தானியேல் முதல் அதிகாரத்தைப் படியுங்கள். ராஜாவின் உணவால் தீட்டுப்படக் கூடாது என்று உள்ளுக்குள் முதலில் தீர்மானம் செய்துகொண்டார். அப்புறம் அதிகாரியிடம் தயவாகக் கேட்டார். அவர் தயங்கியபோது விசாரிப்புக்காரனிடம் ஒரு மாற்று வழியைக் கையில் கொடுத்தார்: பத்து நாள் காய்கறி உணவு கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். அந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். “இது பாவம், செய்யமாட்டேன்” என்று மேஜையில் அடித்துப் பேசுவதற்கு முன், “சார், இதுல என் கையெழுத்து வேண்டாங்க. உண்மையான கணக்க வெச்சே ராத்திரி உக்காந்து ரிப்போர்ட் தயார் பண்ணித் தரேன்” என்று சொல்லிப் பாருங்கள். பல மேலதிகாரிகளுக்கு வேறு வழி இருப்பது தெரியாததுதான் பிரச்சினை. சிலருக்கு அப்படியில்லை. வேலை போகவும் கூடும். அதனால், கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துவைப்பதை நான் விசுவாசக் குறைவாக நினைப்பதில்லை. ‘முடியாது’ என்று சொல்ல அது தைரியம் கொடுக்கிறது. பணம் சேர்க்க முடியாத நிலையில் இருக்கும் சகோதரருக்குத் துணை நிற்பது சபையின் வேலை. காணிக்கை வாங்கும் சபை, உண்மைக்காக வேலை இழந்தவர் வீட்டுக்கு அரிசியோடு போக வேண்டும்.

படி 9: தவறியதைச் சரிசெய்வது

வரி வசூலித்த சகேயு இயேசுவின் முன் நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றார். அழுதார் என்று லூக்கா எழுதவில்லை, கணக்கைத்தான் எழுதியிருக்கிறார். ஆகவே படி 1இல் எழுதிய நோட்டைத் திரும்ப எடுங்கள். பெயர் வாரியாகப் போங்கள். பணம் தர வேண்டியிருந்தால் தொகையோடு போங்கள், மன்னிப்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பலர் முன்னால் திட்டியிருந்தால் பலர் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5 சொல்வதற்கு நேர்மாறாக அன்று ஏலத்தில் நின்றவன் நான்.

அந்த அக்கா வீட்டுக்கு ஒரு புதன்கிழமை மாலை போனேன். ஒற்றை அறை, வாசலில் சின்னத் திண்ணை. ஓவர்டைம் பாக்கியைக் கணக்குப் போட்டு எழுதிய தாளும் பணமும் கையில் இருந்தன. அக்கா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, அந்தச் சனிக்கிழமை நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அவர் தாளை வாங்கி, கணக்கை வரிவரியாகச் சரிபார்த்தார். பணத்தை எண்ணினார்.

“சரிங்கண்ணா,” என்றார். “இனிமே லேட்டாகும்னா வெள்ளிக்கிழமையே சொல்லிருங்க. குழுக்காரங்ககிட்ட நாங்க பேசிக்குவோம்.”